பாதம் பட்டதற்கு மன்னிப்பு

இந்த மாதம் என் தப்பு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

போன விடுமுறையில் கூட்டாளிகள் ஆறு பேர் மெர்சிங்கில் படகு ஏறி ஒரு தீவுக்குப் போனோம். கடலில் நீந்திக்கொண்டிருந்தபோது கால் வலித்தது. கீழே பாறை மாதிரி ஏதோ தெரிந்தது. அதன் மேலே ஏறி நின்றுவிட்டேன். படகோட்டி பாக்சிக் கத்தினார்: "ஜாங்ஙான் பிஜாக்! இத்து ஹிடூப்!" மிதிக்காதே, அதற்கு உயிர் இருக்கு என்று அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் தரையைத் தொட்டு, என் பாதம் படுவதைப் பொறுத்துக்கொள் தாயே என்று பூமித்தாயிடம் கேட்கப் பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிரார்த்தனையில் பூமித்தாய்க்குக் கடல்தான் ஆடை. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நாம். நானோ அவள் ஆடை மேலேயே ஏறி நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பவளப்பாறை வெறும் கல் இல்லை. குட்டிக் குட்டி உயிர்கள் கூட்டமாகச் சுண்ணாம்பில் கட்டிய வீடு அது. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளம் இடம் கொடுக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைத்துச் சாப்பாடு கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், இந்த உறவு முறிந்துவிடும். பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப் போகும். 2010-ல் இப்படி நடந்தபோது தியோமான், ரெடாங் பக்கம் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் கொஞ்ச காலம் மூடியது. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காவது தடவையாகப் பவளங்கள் வெளுக்கின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கடல் ஏன் சூடாகிறது? எண்ணெய், நிலக்கரி, எரிவாயு எரித்து நாம் பூமியில் தேக்கிவைக்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் விழுங்கிக்கொள்கிறது. இதைப் படித்ததும் எனக்குப் பிரதோஷம்தான் ஞாபகம் வந்தது. பாற்கடலில் எழுந்த ஆலகால விஷத்தைச் சிவபெருமான் எடுத்து உண்டார். உள்ளே இறங்கவிடாமல் அம்பிகை கண்டத்தில் கை வைத்துத் தடுத்தாள். அவர் நீலகண்டர் ஆனார். இன்று விஷத்தைக் கக்குவது நாம், விழுங்குவது கடல். தடுக்க ஒரு கை வேண்டாமா?

"நான் ஒருத்தன் ஏர்கோனைக் குறைச்சா கடல் குளிர்ந்திடுமா?" என்று கூட்டாளி கேட்டான். நியாயமான கேள்வி. குளிராதுதான். ஆனால் அம்பிகையின் கை விஷத்தை இல்லாமல் ஆக்கவில்லையே. மேலே பரவாமல்தான் நிறுத்தியது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். அதுவரை அதன் மேல் காலும் நங்கூரமும் கழிவும் விழாமல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு கூடும். மெர்சிங் தீவுகளை 1994-ல் கடல் பூங்காவாக அறிவித்ததும் இதற்குத்தான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் 2 தண்ணீருக்குள் போய்விட்டன. இராமேஸ்வரத்தை ஒட்டிய அதே வளைகுடாவில் நடந்த கதை இது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? தீவுக்குப் போனால் மிதவைச் சட்டை போட்டு மிதப்போம். பவளத்தில் நிற்க வேண்டாம். வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட நீளக்கைச் சட்டை நல்லது. கடலில் அஸ்தி கரைக்கும்போது பிளாஸ்டிக் பையைக் கையோடு திருப்பிக் கொண்டு வருவோம். பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின்னில் நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரமும் நம் ஏர்கோனுக்கு வருகிறது. தேவைக்கு மட்டும் போடுவோம். என்னைப் போலப் பொறியியல் படிப்பவர்களுக்கு வேலை இன்னும் பெரிது. நாளைக்கு நாம் கட்டப் போகும் ஆலைகள் எதை எரிக்கும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நாளைக் காலையில் பாதம் வைக்கும் முன் பூமித்தாயிடம் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பார்த்து மிதியுங்கள்.

ஓம் நமசிவாய.