லீவுக்கு என்ன புத்தகம்?

லீவில் லேசான நாவல் படிப்பது சோம்பேறித்தனமா? அப்படிக் கேட்பவர்கள் ஓய்வையும் டார்கெட்டாக்கி விடுகிறார்கள். முடித்த பக்கங்களை யாரிடம் கணக்குக் காட்டணும்?

கிரஹாம் கிரீன் தன் புத்தகங்களை ‘நாவல்கள்’, ‘கேளிக்கைகள்’ என்று பிரித்தார். 1958ல் வந்த ‘அவர் மேன் இன் ஹவானா’ கேளிக்கை. வாக்யூம் கிளீனர் விற்பவர் உளவாளியாகிறார். கிளீனரின் பாகங்களையே ரகசிய ஆயுதம்னு வரைந்து லண்டனுக்கு அனுப்புகிறார். சிரிக்கிறோம். பிறகு அந்தப் பொய்யால் நிஜமாகவே ஆட்கள் சாகிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. கனமான நாவல் என்றால் இதற்குத் தயாராகவே உட்கார்ந்திருப்பேன். இங்கே தயாராக இல்லை.

கிரீனே பின்னாளில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டார். நாம் ஏன் இன்னும் பிரிச்சுக்கிட்டு இருக்கணும்?