ஐம்பது ரூபாய் அபராதம்

கழுத்துப் புண்ணில் நுகத்தடி அழுந்த, மிதமிஞ்சிய பாரத்தை இழுத்துத் திணறுகிறது ஒரு காளை. அதைத் தார்க்குச்சியால் குத்தி விரட்டியவர் மீது வழக்கு வருகிறது. மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டால், முதல் முறை என்பதால், அவருக்கு விதிக்கக்கூடிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வகுத்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் கிடந்த தொகை இது.

சட்டம் பிறந்த காலத்தில் 50 ரூபாய் ஒரு வண்டிக்காரருக்குப் பெரிய பணம். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து இந்தச் சட்டத்துக்கு வித்திட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கேட்டது உண்மையான பாதுகாப்பை. பணத்தின் மதிப்பு தேயத் தேயப் பாதுகாப்பும் தேய்ந்தது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே தண்டனையைக் கூட்டும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

2016இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் நாயை மாடியிலிருந்து தூக்கி எறிந்தார்; இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். அன்று நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 10 ரூபாய், 50 ரூபாய் என்று விலங்கின் விலையை வைத்துத் தண்டனையைப் பிரித்தது. தெருநாய்க்கு யார் விலை சொல்வது? எலும்பு முறிந்த உயிரின் வலிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இந்த விலைப் பாகுபாட்டை நீக்கியது. எந்த விலங்கைக் கொன்றாலும் ஊனப்படுத்தினாலும் ஐந்தாண்டு வரை சிறை. நல்ல மாற்றம்தான். ஆனாலும் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில்தான் அந்தப் பிரிவு இன்னமும் நிற்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் சிறையா? இங்கேதான் மனம் தயங்குகிறது. வேடிக்கைக்காக வதைத்தவரையும், கடனில் மூழ்கி ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று பாரம் ஏற்றிய வண்டிக்காரரையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. காளைக்கு இருவர் தரும் வலியும் ஒன்றே என்பது உண்மை. ஆனால் தண்டனை வலியை மட்டும் அளப்பதில்லை, செய்தவரின் மனத்தையும் அளக்கிறது. வண்டியும் மாடும் வேறொருவருடையதாக இருந்தால், தக்க கண்காணிப்பு வைக்கத் தவறிய உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருத விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே வழி தருகிறது. கூலிக்கு ஓட்டுபவரோடு வழக்கை முடித்துக்கொள்வது வசதி, அறமல்ல.

மனிதர்களின் வழக்குகளே ஆண்டுக்கணக்கில் தேங்கும்போது மாட்டுக்கும் நாய்க்கும் நீதிமன்றத்தில் நேரம் ஏது என்பார்கள். அந்த ஆதங்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மனிதர் தாமாகவே புகார் கொடுக்கலாம், வாய்தாவுக்கு வரலாம், மேல்முறையீடு செய்யலாம். விலங்குக்கு யாராவது ஒருவர் முன்வர வேண்டும். அதுவும் இந்தச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். அதற்குள் காயம் ஆறிவிடுகிறது, சாட்சியும் கலைந்துவிடுகிறது.

அபராதத்தைக் கூட்ட நாடாளுமன்றம் வேண்டும். காயம்பட்ட விலங்கைச் சிகிச்சைக்கு அனுப்ப 35ஆம் பிரிவு போதும். திரும்பவும் வதைபடும் என்று தெரிந்தால், தண்டனை பெற்ற உரிமையாளரிடமிருந்து விலங்கை எடுத்துக்கொள்ள 29ஆம் பிரிவு இருக்கிறது. 50 ரூபாய்க்கு ரசீது போடும் முன், அந்த மாடு இப்போது யார் கையில் இருக்கிறது என்று நீதிபதி கேட்பதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.