இன்ஜினின் முன்கதை

எட்டு வருடம் வைத்திருந்த இன்ஜினைப் போன மாதம் விற்றேன். மாருதி எஸ்டீமுடைய 1.3 லிட்டர், 16 வால்வு இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போது 85 குதிரைத்திறன். 74 மில்லிமீட்டர் போரை 75 ஆக்கி, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, கேம் ஷாஃப்ட் மாற்றி, தனி இசியு வைத்து ட்யூன் பண்ணியது. (அந்த ஒரு மில்லிமீட்டருக்காகக் கிடைப்பது 35 சிசி. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.) ரோட்டில் ஓட்டவில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும்தான்.

மாடிஃபை பண்ணிய இன்ஜினை விற்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதில் போட்டிருக்கும் ஒவ்வொரு நல்ல பார்ட்ஸும் இரண்டு விஷயம் சொல்லும். காசு போட்டு, அக்கறையாகச் செய்திருக்கிறான் என்று ஒன்று. போட்டு அடித்திருக்கிறான் என்று இன்னொன்று. ரேஸ் கேம் வாங்கியவன் மூவாயிரம் ஆர்பிஎம்மில் ஓட்டிக்கொண்டிருக்கவா வாங்கினான்?

என் இன்ஜினுக்கும் ஒரு கதை இருந்தது. 2021இல் ட்ராக்கில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தாண்டிய பிறகும் ஒரு முழு லேப் ஓட்டினேன். மீட்டரைப் பார்க்கவில்லை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். பார்த்தேன். முன்னால் போன காரைப் பிடித்துவிடலாம் என்று இருந்தது. ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து 0.2 மில்லிமீட்டர் ஃபேஸிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு இறக்கினேன். அதற்குப்பின் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமமாக இருக்கிறது. ஆனால் அதிகம் சூடான அலுமினியம் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும், அடுத்த சூட்டை அது எப்படித் தாங்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஆக, இப்போது பழுது எதுவும் இல்லை. பழுதான வரலாறு மட்டும் இருக்கிறது. அது பொருளோடு சேர்ந்ததா, என்னோடு சேர்ந்ததா?

சிசரோ கிமு 44இல் எழுதிய 'கடமைகள் பற்றி' நூலின் மூன்றாம் பகுதியில் இதே கேள்வி வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வியாபாரி வந்து சேர்கிறான். பின்னாலேயே வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், பேசாமல் இருப்பது மறைப்பது ஆகாது என்கிறார் பாபிலோனின் டயோஜனிஸ். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் விடவில்லை: விற்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவனுக்கும் தெரிய வேண்டும். சிசரோ ஆண்டிபேட்டர் பக்கம்தான் சாய்கிறார். நம் ஊர் 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, சில விலக்குகள் போக, வாங்குபவனையே பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

எனக்கு டயோஜனிஸைத்தான் பிடித்தது. ஏன் பிடிக்காது, விற்பவன் நான்தானே. கூடவே ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தை பற்றி எழுதிய கட்டுரையையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன். எது நல்லது, எது மோசம் என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சராசரி விலையைத்தான் தருவார்கள், நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது அதன் சாரம். அப்படியென்றால் அவன் பேசும் விலையிலேயே சந்தேகத்துக்கான கழிவும் அடங்கித்தானே இருக்கிறது, நான் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? நல்ல வாதம். ராத்திரி ஒரு மணிக்கு எல்லா வாதமும் நல்ல வாதம்தான்.

வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திருப்பூர். அவனைப் பார்த்ததும் நானாகவே ஆரம்பித்தேன். "தம்பி, வால்வ் கவர்ல ஆயில் கசியும். கிளட்ச் பிளேட் பாதி தேஞ்சிருச்சு. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு ஓப்பனா யாருங்ணா சொல்றாங்க?" என்றான். அதற்குப்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1,10,000க்குப் பேரம்கூடப் பேசாமல் சம்மதித்து, பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான்.

டயோஜனிஸ் அத்தோடு என்னைக் கைவிட்டுவிட்டார். அவர் காப்பாற்றுவது பேசாமல் இருப்பவனை. நான் பேசாமல் இருக்கவில்லை. இரண்டு சின்ன உண்மைகளைக் கொடுத்து, பெரிய கேள்வி அவன் வாயில் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பான்: "ஹெட் கழட்டியிருக்கீங்களாண்ணா?" ஆபீஸிலும் இதைச் செய்திருக்கிறேன். சின்ன பக் இரண்டை ரிப்போர்ட்டில் எழுதினால் பெரியதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானையோடு வந்தான். இன்ஜின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன், முள்ளைப் பார்த்தும் ஓட்டிய அந்த லேப் உட்பட. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "இதை ஏண்ணா அன்னைக்கே சொல்லலை?" பதில் எதுவும் வரவில்லை. லேத் பில்லை எடுத்து நீட்டினேன்.

இருபதாயிரம் குறைத்து எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவு குறைக்கத் தேவையில்லை, பத்து போதும் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. போகும்போது வால்வ் கவர் கசிவைப் பற்றி மறுபடி ஒருமுறை கேட்டான், அது நிஜம்தானா என்று.