பத்திரத்தில் ஏறாத பணம்

மணமுறிவுக்கு நிற்கும் தம்பதியரிடையே வீட்டின் விலை பேச்சுக்கு வந்தால், முதலில் எடுத்து வைக்கப்படுவது கிரயப் பத்திரம். வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவர் அதிலுள்ள தொகையைக் காட்டுவார். விலகிப் போகிறவர் பக்கத்துத் தெருவில் அண்மையில் விற்ற விலையைச் சொல்வார். பேரம் என்றால் அவரவர் பக்கம் இழுப்பது இயல்புதானே, இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

பத்திரத்தில், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகையை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அந்த ரொக்கம் பல வீடுகளில் மனைவியின் நகையை விற்றோ அடகு வைத்தோ வந்தது. முத்திரைத்தாள் செலவை மிச்சம்பிடிக்க இருவரும் சேர்ந்து சொன்ன பொய் அது. பிரியும்போது அதையே ஒருவர் மட்டும் உண்மையென்று நீட்டினால், மற்றவரின் நகை இருந்த தடமே தெரியாமல் போகிறது. அரசை ஏமாற்றியது தவறுதான். உடன் நின்று ஏமாற்றியவரையே அந்தத் தாளைக் காட்டி ஏமாற்றுவது அதைவிட இழிந்தது.

வழிகாட்டி மதிப்பு என்ன, சந்தை விலையா? 2017 ஜூனில் அரசு அதை 33 விழுக்காடு குறைத்தது. 2023 ஏப்ரலில் பழையபடி உயர்த்தியது. இதில் எந்த வீட்டின் ஒரு செங்கல்லும் அசையவில்லை.

கோவா நீங்கலாக, இந்தியாவில் மணமுறிவால் மட்டுமே வீடு இரண்டாகப் பிரிந்துவிடாது. பத்திரம் யார் பெயரிலோ அவருடையது. ஆனால் ஒட்டுமொத்த ஜீவனாம்சம் பேசும்போது வீட்டின் மதிப்பு உள்ளே வந்துவிடும். இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். எதில் பாதி என்பதை ஒரு மதிப்பீட்டாளர்தான் சொல்லியாக வேண்டும்.

மதிப்பீட்டாளர் மனையின் விலையைத் தனியாகவும், கட்டடத்தின் விலையைத் தேய்மானம் கழித்தும் கணக்கிடுகிறார். எந்த விற்பனையோடு ஒப்பிடுவது, தேய்மானம் எவ்வளவு என்பதில் அவருக்குக் கொஞ்சம் இடம் உண்டு. நேர்மையான இருவர்கூட ஒரே தொகையைச் சொல்லமாட்டார்கள். அந்த இடத்துக்குள் இழுபறி செய்வதைக் குற்றம் என்று சொல்லமுடியாது. வங்கிக் கடனுக்குக் "கூட்டிப் போடுங்க" என்று கேட்ட அதே மனிதர் நீதிமன்றத்துக்குக் "குறைச்சுப் போடுங்க" என்று கேட்பது வேறு. கூட்டிக் கேட்கும் மனைவியும் அதையேதான் செய்கிறார் என்பார்கள். உண்மைதான், ஆனால் எடை வேறு. ஆவணங்களும் வங்கி அறிக்கையும் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் கையில். மற்றவர் ஊகத்தில் பேசுகிறார். தெரியாமல் மிகைப்படுத்துவதும் தெரிந்தே மறைப்பதும் ஒன்றாகா.

"நீ விலை சொல், வாங்குவதா விற்பதா என்று நான் முடிவு செய்கிறேன்" என்ற ஏற்பாடு இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டு சம்பளமில்லாமல் வீட்டைப் பார்த்தவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? வாங்க வழியில்லாதவரிடம் தேர்வு செய்யச் சொல்வதில் தேர்வே இல்லை. இருவரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்தி, பழைய வங்கி அறிக்கையையும் ரொக்கமாகப் போன தொகையையும் அவரிடம் சொல்லிவிடுவது இதைவிட மேல். ரொக்கக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல இருவருக்குமே பயம் இருக்கும், வருமான வரியை நினைத்து. அந்தப் பயத்தின் விலையையும் இருவரும் பாதிப் பாதியாகத்தான் ஏற்கவேண்டும்.