108 கிலோ மிளகாயும் ஒரு பந்தியும்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிக்கு அருகே நடப்பனஹள்ளி என்றொரு ஊர். அங்குள்ள பெரிய கருப்பசாமி கோயிலில் ஆடி அமாவாசை வந்தால் மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசாரியின் தலையில் ஊற்றுகிறார்கள். ஓர் ஆண்டு 108 கிலோ தூள் கரைத்ததாகச் செய்தி வந்தது, படமும் வந்தது. செக்கச்செவேலென்ற கரைசல் நெற்றியிலும் இமையிலும் வழிய, கண்ணை இறுக மூடியபடி ஒரு மனிதர் இருக்கிறார். பக்கத்திலேயே அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி யாகத்தில் மிளகாய் வற்றல் மூட்டை மூட்டையாகத் தீயில் விழுகிறது. எதிரிகள் ஒழிய வேண்டுமாம்.

நூறு பேருக்குக் குழம்பு வைக்க ஒரு கிலோ மிளகாய்த்தூள் தாராளம். கல்யாணச் சமையல்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அப்படியானால் 108 கிலோவில் பத்தாயிரம் பேருக்குக் குழம்பு வைக்கலாம். இந்தக் கணக்கைச் சொன்னதும், “உன் வீட்டுப் பணமா போகிறது?” என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும், அது நியாயமான கேள்விதான். அவரவர் காசு, அவரவர் மிளகாய். வீணாகிறதே என்ற புலம்பலோடு பகுத்தறிவின் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த மிளகாயைக் கொண்டு இந்த மாவட்டம் எதை நிரூபிக்க நினைக்கிறது, எதை நிரூபிக்க அஞ்சுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் அந்த அற்புதத்தைப் பார்த்துவிடுவோம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. காரம் தலைக்கேறினால் தண்ணீர் அவ்வளவாகக் கைகொடுக்காதது அதனால்தான். நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. கேப்சைசின் பட்டதும் அது தீ பட்டதாக மூளைக்குச் சொல்லிவிடுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே தண்ணீரில் கரைத்த தூள் தடித்த தோலில் பட்டு ஓடினால், கண்ணும் வாயும் மூடியிருந்தால், பழகிய உடம்பு தாங்கிக்கொள்ளும். எரியாது என்று சொல்லவில்லை. எரியும், ஒரு மனித உடம்பு வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வலியை நான் மதிக்கிறேன். அதை அருள் என்று சொல்லி மற்றவர்கள் கை கூப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆதிகாலத்து வழக்கம் என்றும் சொல்லாதீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியரின் கப்பல்களில் இங்கே வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. தகடூரை ஆண்ட அதியமான் மிளகைத் தின்றிருப்பான், மிளகாயைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். அவன் பெயரைத் தாங்கிய கோட்டையில் இன்று மிளகாய் புகைகிறது. இடையில் யாரோ தொடங்கி வைத்த வழக்கம் இது. மனிதர் தொடங்கியதை மனிதர் மாற்றலாம்.

எப்படி மாற்றுவது? மிளகாய் பிறந்த அந்தக் கண்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பாலைவனத்து ஓரமாக, டெர்லிங்குவா என்று சுரங்கம் மூடிப்போன ஒரு சிற்றூர். மாட்டிறைச்சியும் வற்றல் மிளகாயும் சீரகமும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் குழம்புக்கு அங்கே ‘சில்லி’ என்று பெயர். 1967இல் இரண்டு பேர் யாருடைய சில்லி உயர்ந்தது என்று அந்த ஊரில் மோதினார்கள். நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போட்டி சமனில் முடிந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் நவம்பரில் திருவிழாவாகவே நடக்கிறது. இசைக் குழுக்கள் கிட்டார் சகிதம் மேடையேறுகின்றன. அந்த நாட்டில் ஊர் ஊராக இப்படிச் சமையல் போட்டிகள் நடத்தி, வசூலாகும் பணத்தை அறக்காரியங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் என்னை உலுக்கியது நடுவர் முறை. சமைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிண்ணம் தருகிறார்கள். கிண்ணத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும் ஒட்டியிருக்கும். அந்த எண் யாருடையது என்ற சீட்டு மூடியே இருக்கும், முடிவு அறிவிக்கும்போதுதான் திறப்பார்கள். நடுவர் கரண்டியை விட்டு வாயில் வைக்கும்போது சமைத்தது யார், எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று அவருக்குத் தெரியாது. நாக்கு மட்டுமே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தக் கிண்ணத்தைத் தருமபுரியில் ஓர் ஊர் மந்தையில் வைத்தால் எத்தனை பேர் எடுத்து உண்பார்கள்?

கேள்வி கற்பனையானதல்ல. 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரிக்கு அருகே நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. ஒரு பெண்ணும் ஒரு பையனும் சாதி பார்க்காமல் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக. அந்த வீடுகளில் அடுப்பு இருந்தது, அஞ்சறைப் பெட்டி இருந்தது, அரைத்து வைத்த மிளகாய்த்தூளும் இருந்திருக்கும்.

தருமபுரியை மட்டும் சொல்லி மற்ற மாவட்டங்களைத் தப்பவிட மாட்டேன். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தையின் தட்டைத் தாயும் தகப்பனுமே தட்டிவிடுகிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ந்தெழுந்து நூறாண்டு ஆகிறது.

சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறதே என்பார்கள். நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் அது பக்கத்து இலையில் யார் உட்காருவது என்ற கேள்வியை மட்டுமே தொடுகிறது. சமைத்தது யார் என்ற கேள்வி இதைவிடக் கடினம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, “அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்” என்று சொல்கிறவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். கருஞ்சட்டை போட்டு மேடையேறும் தோழர்களையும் கேட்கிறேன்: உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சேரியிலிருந்து ஒரு சமையல்காரரை எப்போதாவது அழைத்திருக்கிறீர்களா?

எனவே சொல்கிறேன். காரத்தைத் தாங்குவதுதான் பக்திக்குச் சோதனை என்றால், அந்தச் சோதனையைத் தலையிலிருந்து நாக்குக்கு மாற்றுங்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உள்ள பொது மைதானத்தில் பந்தல் போடுங்கள். இரு பக்கத்திலிருந்தும் சமைக்க வரட்டும். ஒருவர் கருவாட்டுக் குழம்பு வைப்பார், இன்னொருவர் அவரைக்கொட்டைக் குழம்பு வைப்பார், சிலர் மாட்டுக்கறி வறுப்பார்கள். எல்லாச் சட்டியிலிருந்தும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் எடுத்து எண் ஒட்டி வையுங்கள். கூடவே ராகிக் களி. கோயில் தர்மகர்த்தாவும் ஊர்க் கவுண்டரும் பஞ்சாயத்துத் தலைவரும் நடுவர்களாக உட்காரட்டும். அசைவம் தொடாதவருக்குச் சைவக் கிண்ணம் தனியே இருக்கட்டும், அதிலும் எண் மட்டுமே இருக்கட்டும். முடிவு சொன்ன பிறகு சீட்டைத் திறவுங்கள். மிளகாய்க் கரைசலுக்குக் கண் மூடுகிற துணிவைவிட, அந்தச் சீட்டைக் கண் திறந்து பார்க்கும் துணிவு பெரிது.

பாட்டும் வேண்டும். திருவிழா என்றால் நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் முடியாது. ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போகிறார்கள். சாதியையும் கட்சியையும் புகழும் பாட்டு கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதித்து அனுப்புகிறது. நாம் பாடும் பாட்டுக்கு நீதிபதி காவல் இருக்க வேண்டிய நிலை வெட்கக்கேடு. பா. ரஞ்சித் முன்னெடுப்பில் 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராக்கும் ராப்பும் சேர்ந்து சாதிக்கு எதிராக முழங்கின. அப்படியொரு மேடை தருமபுரிக்கும் வேண்டும், பம்பையும் உடுக்கையும் அதில் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

வசூலாகும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்துணவும் காலை உணவும் பிள்ளைகளின் உரிமை, அதை அரசுதான் தர வேண்டும். நன்கொடையைக் காட்டி அரசு கையைக் கழுவ இடம் கொடுக்கக் கூடாது. வசூலான பணத்தில், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன தாய் தகப்பனைப் பிரிந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுங்கள். வரவு செலவைக் கோயில் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊர்த் திருவிழா என்றால் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குவார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் தலித் வீடுகளில் மட்டும் அந்த வரியை வாங்குவதில்லை. ஏழைகள் என்று இரக்கப்பட்டு அல்ல. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும், மரியாதை கொடுக்க வேண்டும், பந்தியில் இடம் கொடுக்க வேண்டும் என்பதால்தான். அடுத்த ஆடி அமாவாசைக்கு உங்கள் ஊரில் வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, முதல் வீடாகக் காலனி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வரியைக் கேட்டு வாங்குங்கள், பெயரை நோட்டில் எழுதுங்கள். அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.