தோலுக்கு விலை, உயிருக்கு?

"ஒரு பாம்புக்கு இவ்வளவு விலையா, ஐயா?"

வகுப்பிலே ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. பொருளியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தேவை, அளிப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்திலே விலை. கரும்பலகையிலே இரு கோடுகளை இழுத்து, பாடநூல் கூறுவதை நானும் கூறினேன். பையன் எழுந்தான். அமெரிக்காவிலே ஒரு பாம்பு ஐம்பது டாலருக்குக் கிடைக்கிறதாம். அதே இனத்திலே, அதே நீளத்திலே, தோலின் நிறம் மட்டும் வேறான பாம்பு ஐயாயிரம் டாலராம். எங்கோ படித்திருக்கிறான். "இரண்டும் ஒரே பாம்புதானே, ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தேவை மிகுதி, அளிப்புக் குறைவு" என்று மறுமொழி கூறி மணி அடிக்கும்வரை ஒப்பேற்றினேன். மறுமொழி சரியானதுதான். ஆனால் அவன் கேட்டது அதையல்ல என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் கூறிய பாம்பு, பந்து மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலே, எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்வது. நஞ்சற்றது. நான்கடி, ஐந்தடி நீளம். அச்சம் வந்தால் கடிக்க வராது. தலையை உள்ளே மறைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அந்தச் சாதுத்தனமே அதற்கு வினையாயிற்று! வீட்டிலே வளர்க்க ஏற்றது என்று அமெரிக்கரும் ஐரோப்பியரும் கண்டுகொண்டனர். பெனின் நாட்டு ஊயிடா நகரிலே இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. அங்கே ஒருவன் அதைக் கும்பிடுகிறான். கடலுக்கு அப்பால் ஒருவன் அதற்கு விலை கூறுகிறான். கும்பிடுபவனை அறிவிலி என்போம் நாம், தயங்காமல். விலை கூறுபவனை என்னென்பது? அவன் கையிலே கணக்கு இருக்கிறது, மரபியல் இருக்கிறது, தராசு இருக்கிறது. கருவிகள் இருப்பதாலேயே அவன் செய்வது பகுத்தறிவாகிவிடுமா?

கணக்கைப் பார்ப்போம். 1992இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்க வளர்ப்பாளர், இந்த இனத்திலே வெண்மைப் பாம்பைக் கூண்டிலேயே பிறப்பித்துக் காட்டினார். கருமை அறவே நீங்கி, மஞ்சளும் வெண்மையும் கலந்த மேனி, சிவந்த விழி. அன்று அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். இன்று சில நூறு டாலருக்கே கிடைக்கும். பாம்பு மாறவில்லை, அன்று சிவந்திருந்த விழி இன்றும் சிவந்தே இருக்கிறது. ஆனால் அன்று உலகிலே ஒரு சிலவே இருந்தன, இன்று ஆயிரமாயிரம் இருக்கின்றன.

முதலிலே வாங்கியவர் என்ன வாங்கினார்? அழகையா? அழகுக்காக வாங்கியவர் சிலர் இருக்கக்கூடும். பெரும்பாலோர் வாங்கியது, அந்தப் பாம்பின் பிறவாத குஞ்சுகளை. பெண் பாம்பு ஒரு முறைக்கு ஐந்தாறு முட்டை இடும். ஆண் ஒன்று பல பெண்களோடு இணையும். விலை உயர்ந்த குஞ்சு வளர்ந்து ஈன்றால், போட்ட பணம் மீண்டு வரும், மேலும் வரும். அதே வேகத்திலே எல்லோரும் பெருக்குவார்கள். பெருகப் பெருக விலை வீழும். ஆகவே முதல் விலை என்பது, நாளை வாங்கப்போகும் யாரோ ஒருவரின் சட்டைப்பையை நம்பி இன்றே எழுதிக்கொண்ட கடன்சீட்டு.

இந்த வாணிகத்திலே நான் கண்டு வியந்த பகுதி ஒன்று உண்டு. வெண்மை தரும் மரபுக்கூறு ஒளிந்து நிற்கும் கூறு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தோலிலே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பாம்பு பார்வைக்குச் சாதாரணம். உள்ளே கூறு உறங்கும். அப்படித் தாங்கி நிற்கும் இரண்டை இணைத்தால், கணக்குப்படி நான்கிலே ஒன்று நிறம் காட்டும், இரண்டு தாங்கிகளாக இருக்கும், ஒன்றிலே அந்தக் கூறு அறவே இராது. நிறம் காட்டாத மூன்றும் கண்ணுக்கு ஒன்றே. மூன்றிலே இரண்டு தாங்கி. எந்த இரண்டு? தெரியாது. ஆகவே ஒவ்வொன்றின் மேலும் '66 விழுக்காடு' என்று எழுதி, சாதாரணப் பாம்பைவிடச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கின்றனர்!

66 விழுக்காடு கூறுடைய பாம்பு என்று ஒன்று உலகிலே இல்லை, நண்பர்களே. கூறு இருக்கிறது, அல்லது இல்லை. 66 என்பது பாம்பின் குணமல்ல. நமது அறியாமையின் அளவு. அறியாமையை அளந்து கூறியது அறிவியல், அதைப் பாராட்டலாம். அந்த அறியாமைக்கே விலைச்சீட்டுக் கட்டித் தொங்கவிட்டது வாணிகம். இன்று, பாம்பு உரித்த சட்டையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சில கூறுகளைக் கண்டறிய முடிகிறது. அதற்கு முன்போ, விற்பவன் வாய்ச்சொல்லே சான்று. "இதன் தந்தை இன்னான்" என்ற குலமுறைப் பட்டியலே பத்திரம்.

பிறப்பைக் காட்டி மதிப்பு, தோலைக் காட்டி விலை என்றதும், இந்த நாட்டிலே மனிதருக்கு மனிதர் செய்த கொடுமை உங்கள் நெஞ்சிலே எழும். ஒப்புமை எளிது. எளிது என்பதாலேயே அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இழிவுபடுத்தப்பட்ட மனிதன் அந்த இழிவை உணர்ந்தான், கொதித்தான், எதிர்த்தான். பாம்புக்குத் தன் விலை தெரியாது. ஐயாயிரம் டாலர்ப் பாம்பு செருக்குற்று நெளிவதில்லை. ஐம்பது டாலர்ப் பாம்பு நாணிச் சுருள்வதில்லை. அப்படியானால் தீங்கு எங்கே?

தீங்கைக் காண 'சிலந்தி' என்ற வகையைப் பாருங்கள். மெல்லிய கருங்கோடுகள் வலைபோலப் படர்ந்த மேனி. 1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, அமெரிக்காவிலே பெருக்கப்பட்டது. நல்ல விலை போயிற்று. ஆனால் அந்தப் பாம்பின் தலை ஆடுகிறது. சிலவற்றிலே மெல்ல, சிலவற்றிலே திருகாணிபோல முறுக்கி முறுக்கி. இரையைக் கொத்தினால் குறி தவறுகிறது. மல்லாந்து விழுந்தால் எது மேல், எது கீழ் என்ற உணர்வு தடுமாறுகிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கதிர்ப் படங்கள் எடுத்துப் பார்த்து, உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி இப்பாம்புகளிலே உருக்குலைந்திருப்பதைக் காட்டியது. வரியும் ஆட்டமும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்க வளர்ப்போரால் இயலவில்லை. வரிக்கு விலை ஏறியது. ஆட்டம் விலைச்சீட்டிலே ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? வரியைக் காண்பது வாங்குபவன் கண். ஆட்டத்தைச் சுமப்பது பாம்பின் தலை. பாம்பு சந்தைக்கு வருகிறது, வாங்குபவனாக வருவதில்லை.

ஆலந்து நாட்டிலே துலிப் மலர்க் கிழங்குக்கு ஒரு காலத்திலே வெறிபிடித்து விலை ஏற்றினர். 1637 பிப்ரவரியிலே அந்த விலை இடிந்து விழுந்தது. அன்று மிக உயர்ந்த விலை போனவை, இதழிலே தீக்கொழுந்துபோல வரி ஓடிய மலர்கள். அந்த வரி, நச்சுயிரி ஒன்றால் வரும் நோய் என்பது 1928 வாக்கிலேதான் தெளிவாயிற்று. நோயையே அழகென்று ஏலம் எடுத்திருக்கிறார்கள்! எனினும் கிழங்குக்கு வலியில்லை. விலை வீழ்ந்த மறுநாள் அதைக் குப்பையிலே எறிந்தாலும் அது பட்டினி கிடக்காது.

பாம்பு கிடக்கும். கூண்டிலே இருபது, முப்பது ஆண்டுகள் வாழும் உயிர் அது. அமெரிக்காவின் செயின்ட் லூயி உயிர்க்காட்சிச் சாலையிலே அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் பாம்பு 2020இல் ஏழு முட்டையிட்டது. விலைக்கு வாழ்நாள் ஐந்தாண்டு. பாம்புக்கு முப்பது ஆண்டு. மிச்சம் இருபத்தைந்து ஆண்டு யார் பொறுப்பு?

வளர்ப்போர் தரப்பிலே நியாயமே இல்லை என்று கூறமாட்டேன். "விலை உயர்ந்த பாம்பை எவனும் பட்டினி போடமாட்டான், மலிவானதைத்தான் புறக்கணிப்பான். விலையே காவல்" என்கின்றனர். உண்மை கலந்த வாதம். நம் வீட்டிலேயே இரவல் புத்தகத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் தெரியும். ஆனால் அந்த மலிவான பாம்பு எங்கிருந்து வந்தது? விலை உயர்ந்ததன் உடன்பிறப்பு அது! நான்கிலே ஒன்றுக்காக முட்டை வைத்தவர்கள் மற்ற மூன்றையும் சேர்த்தே பிறப்பித்தார்கள். காவல் பெற்ற ஒன்றைக் காட்டிக் காவலற்ற மூன்றை மறைப்பது வாதமாகாது. "கூண்டிலே பிறந்தால் காட்டிலே பிடிக்க வேண்டாமே" என்பது இன்னொரு வாதம். ஓரளவு சரி. ஆனால் புதிய நிறம் ஒன்று சிக்காதா என்று ஆப்பிரிக்கப் புற்றுகளைத் தோண்ட வைப்பதும் அதே விலைதானே? சூல்கொண்ட தாயைத் தோண்டியெடுத்து, குஞ்சு பொரித்ததும் கப்பலேற்றும் அந்த ஏழை உழவன் கையிலே, ஐயாயிரம் டாலரில் எத்தனை டாலர் வந்து சேர்கிறது என்று கேட்டால், இந்த வாதத்தின் குரல் தாழ்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சொல்லை எடுத்து வீசுகிறார்கள்: "சந்தை தீர்மானிக்கிறது." கேட்டுக் கேட்டுப் பழகிய தொனி! "விதி தீர்மானிக்கிறது" என்று நம் பாட்டன் கூறிய அதே தொனி. சந்தை என்பவன் யார்? எங்கே குடியிருக்கிறான்? வாங்குபவர் சிலர், விற்பவர் சிலர், அவ்வளவே. தீர்மானித்தவர்கள் மனிதர்கள். தாம் செய்ததைத் தாமே செய்ததாக ஒப்புக்கொள்ளக் கூசும்போது, அதற்கு ஒரு பெயர் வைத்துப் பீடத்திலே ஏற்றுகிறார்கள். தண்ணீரின்றி வாழ முடியாது, அதன் விலை அற்பம். வைரமின்றி வாழலாம், அதன் விலை மலை. 1776இலேயே ஆடம் ஸ்மித் எடுத்துக்காட்டிய முரண் இது. பயனும் விலையும் வேறு என்று பிரித்தறிந்த அந்த இயலையே, விலைதான் மதிப்பு என்பதற்குச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

இது கடல்கடந்த கதை என்று இருந்துவிடவும் வழியில்லை. 2023 சனவரியிலே சென்னை விமான நிலையத்திலே, பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. திருப்பி அனுப்பப்பட்டன. விலை இருக்கும் இடத்துக்குப் பெட்டிகள் வரும்.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்தேன். "அன்று உனக்குச் சரியாக மறுமொழி கூறவில்லை" என்று ஒப்புக்கொண்டேன். பாம்பின் சரியான விலை என்னவென்று என்னாலும் கூற இயலாது; ஆனால் அந்தக் கணக்கிலே எவையெல்லாம் சேரவேண்டும் என்று பட்டியல் போடலாம் என்றேன். முப்பது ஆண்டு இடம், வெப்பம், மருத்துவம், இரை. அவன் சுண்ணக்கட்டியை எடுத்தான். இரண்டு வாரத்துக்கு ஓர் எலி, ஆண்டுக்கு 26, முப்பது ஆண்டுக்கு 780 என்று எழுதினான். எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, எலியின் விலையிலே என்னென்ன சேர்க்கவேண்டும்?"

மணி அடித்தது. கரும்பலகையை அழிக்கவேண்டாம் என்று கூறிவிட்டு வந்தேன்.