சத்தமாக வாசிக்கும் ஓலை

கோவிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் ஞாயிறுகளில், பூசைக்கு முன்னால் சிலர் என்னைத் தேடி வருவார்கள். “சாமி, இதை மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிச்சிடுங்க.” பார்த்தால் மறுமண ஓலை. கணவரை இழந்தவர் மீண்டும் மணம் செய்யத் திருச்சபை தடை சொல்லவில்லை. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய காலத்திலேயே தீர்ந்துபோன பேச்சு அது. ஆனாலும் அந்தப் பெயர் யார் காதிலும் விழாமல் போனால் தேவலை என்று வீட்டார் நினைக்கிறார்கள். சில சமயம் அந்தப் பெண்ணே அப்படி நினைக்கிறார். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்றைய மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் பிறரன்புக்கு ஓர் அளவு வைக்கிறார்: நம்மை நாம் நேசிக்கிற அளவு. அளக்கிற படியே ஓட்டையாக இருந்தால் அடுத்தவருக்கு எதை அளந்து போடுவது? தன்னை நேசிப்பதைத் தற்பெருமை என்று ஞானோபதேச வகுப்பிலேயே மிரட்டி வளர்த்துவிட்டோம். அந்தப் பிழையில் எங்களைப் போன்ற குருக்களுக்கும் பங்குண்டு.

விவிலியத்தில் ரூத்தைப் பாருங்கள். மோவாபு நாட்டுக்காரி, கைம்பெண், கதிர் பொறுக்கிப் பிழைப்பவள். களத்துக்கு, வயலின் சொந்தக்காரர் போவாசைப் பார்க்கப் போகும்முன் நகோமி அவளிடம் என்ன சொன்னார்? குளித்துவிட்டு, நறுமணம் பூசி, நல்ல உடை உடுத்திப் போ என்றார். சொன்னவர் யார்? மாமியார்! மகனைப் பறிகொடுத்த தாய். நம் தெருக்களில் கணவன் இறந்ததும் பூ, பொட்டு, நல்ல புடவை என்று எதையெல்லாம் பறிக்கிறோமோ, ஏறக்குறைய அதையெல்லாம் அந்த மாமியார் திருப்பிக் கொடுத்தார். போவாசு அவளை ஏற்பதற்கு முன்பே, தான் வாழத் தகுந்தவள் என்று ரூத்து அறிந்திருந்தாள். அவர்களுக்குப் பிறந்த ஓபேதின் பேரன்தான் தாவீது. மத்தேயு எழுதிய ஆண்டவரின் வம்ச வரிசையில் ரூத்தின் பெயர் ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

நம் ஊரிலும் ஒரு கதை உண்டு. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸின் சிலையைத் தாண்டித்தானே நடக்கிறீர்கள்? அவர் மனைவி ழான் இதே புதுச்சேரியில் 1706இல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணமாகி, பல பிள்ளைகளைப் பெற்று, 1739இல் கணவரை இழந்தார். 1741இல் சந்திரநாகூரில் துய்ப்ளேக்ஸை மணந்தார். அவரைப் புனிதையாக்க நான் வரவில்லை. துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவரைக் கடுமையாகவே பேசுகிறது. 1748இல் நம் சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் அவர் தூண்டுதலோடு இடிக்கப்பட்டதை நாம் மறக்கவும் கூடாது. நான் கேட்பது வேறு. கவர்னர் மாளிகையின் மறுமணத்தை ஏற்கிற ஊர், நெல்லித்தோப்பு ஓட்டு வீட்டின் மறுமணத்துக்கு ஏன் வாயைப் பொத்திச் சிரிக்கிறது?

எல்லாரும் மறுமணம் செய்தாக வேண்டும் என்றில்லை. தனியாக இருப்பவரும் ஒரு முழம் மல்லி வாங்கிக்கொள்ளலாம். வலியை மறைக்காமல் வைத்தியரிடம் போகலாம். மறுமணம் செய்பவர்களோ, ‘யாராவது ஏற்றுக்கொண்டால் போதும்’ என்று தலைகுனிந்து போகாதீர்கள்.

மாமியார்களே, நகோமியை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அடுத்த ஞாயிறு ஒரு மறுமண ஓலை வாசிக்க இருக்கிறேன். கடைசி வரிசைக்கும் கேட்கும்படிதான் வாசிப்பேன்.